இரு வீடுகளும் ஒரு காம்பராவும்: மணமுறிவின் பின்னரான குழந்தை அனுபவம் குறித்து மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

1

மணமுறிவு என்பது இலக்கியத்தில் பெரும்பாலும் இருவரின் கதையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. கணவனும் மனைவியும் எவ்வாறு ஒருவரையொருவர் இழந்தனர், நியாயம் எவர் பக்கம் என்ற வினாக்களே எழுத்தாளரையும் வாசகரையும் ஈர்த்துள்ளன. ஆயின், முறிவு நிகழ்ந்து முடிந்த பின்னரும் எவருக்குக் குடும்பம் என்பது நாளாந்தப் பிரச்சினையாகத் தொடர்கின்றதோ அந்த மூன்றாவது ஆள், அதாவது குழந்தை, வழக்கில் ஒரு பொருளாகவும் கதையில் இரக்கத்துக்குரிய ஒரு சின்னமாகவும் ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கப்படுகின்றது; குழந்தை என்ன அறிந்தது என்று கேட்கப்படுவதில்லை. இவ்விரு வினாக்களுக்கும் இடையிலான வேறுபாடே இக்கட்டுரையின் பொருளாகும்.

மன்னு பண்டாரியின் 'ஆப் கா பண்ட்டி' என்னும் இந்தி நாவல் 1971 இல் நூலுருப் பெற்றது. பெற்றோரின் மணமுறிவைக் குழந்தையின் நிலையிலிருந்து நோக்கிய இந்திய நாவல்களுள் அது தலையாயது. அந்நாவலை நாம் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் தோட்ட லயங்களிலிருந்து வாசிக்க முனைகின்றோம். வட இந்திய நடுத்தர வர்க்கத்தின் கதை ஒன்றை ஹற்றனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையிலுள்ள மலைகளிலிருந்து வாசிப்பது வலிந்த முயற்சியாகத் தோன்றலாம். எனினும், ஓர் அனுபவத்தின் எந்தப் பகுதி வர்க்கத்துக்குரியது, எந்தப் பகுதி அதனைக் கடந்தது என்பதை அறிய இத்தகைய ஒப்புநோக்கே துணைபுரியும். மேலும், எமது முற்போக்கு இலக்கிய மரபு பேசாது விட்ட ஒன்றினையும் இது வெளிக்கொணரும் என நம்புகின்றோம்.

2

நாவலின் கதையமைப்பு எளிமையானது. கல்லூரி அதிபரான தாய் சகுனுடன் சிறுவன் பண்ட்டி வாழ்கின்றான். தந்தை அஜய் கல்கத்தாவில் இருக்கின்றார். இடைக்கிடையே வந்துபோகும் வக்கீல் மாமா ஒருவர் வழியாக மணமுறிவுக்கான பேச்சு நகர்கின்றது. மணமுறிவின் பின் சகுன், இரு பிள்ளைகளின் தந்தையான ஜோஷி என்னும் மருத்துவரை மறுமணம் செய்கின்றாள். அந்தப் புதிய வீட்டில் பொருந்தமுடியாத பண்ட்டி, தந்தையின் கல்கத்தா வீட்டுக்குச் செல்கின்றான். அங்கும் ஒரு புதிய மனைவி, ஒரு கைக்குழந்தை. ஈற்றில் அவன் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்படுகின்றான்.

கதைச் சுருக்கம் நாவலின் சிறப்பைக் காட்டாது. அதன் சிறப்பு, குழந்தையின் அறிதல் முறையை ஆசிரியர் கையாளும் விதத்திலே தங்கியுள்ளது. கண்ணாடி மேசையின் முன் அமர்ந்து தாய் ஒப்பனை செய்துகொள்ளும்போது, அங்குள்ள சீசாக்களில் ஏதோ மந்திரம் இருப்பதாகவும், அதனாலேயே தன் அம்மா கல்லூரிக்குரிய வேறொரு பெண்ணாக மாறிவிடுகின்றாள் என்றும் பண்ட்டி எண்ணுகின்றான். இது குழந்தைத்தனமான கற்பனை மாத்திரமன்று. தாய்க்குத் தன்னைச் சாராத ஒரு வாழ்வு உண்டு என்ற உண்மையை, தனக்குக் கிட்டிய கருவிகளைக் கொண்டு அவன் கண்டறியும் முறை அது. வக்கீல் மாமா வந்துசென்றால் அம்மாவின் முகம் வாடும். ஆகவே அவர் கொண்டுவருவது நல்ல செய்தி அன்று. இவ்வாறு முகம், குரல், மூடப்படும் கதவு ஆகியவற்றிலிருந்து அவன் உலகத்தை ஊகிக்கின்றான். நீதிமன்றம் நாவலில் முன்னிலை பெறுவதில்லை. அதன் நிழல் வீட்டுக்குள் விழும் விதமே முன்னிலை பெறுகின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இந்நாவலில் தீயோர் எவரும் இல்லை. சகுனுக்கு மறுமணம் செய்யும் உரிமை உண்டென்பதை நாவல் மறுக்கவில்லை. அவளைத் தண்டிக்கவும் இல்லை. பரஸ்பர சம்மதத்தின் பேரிலான மணமுறிவு இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1976 இலேயே என்பதை நோக்க, 1971 இன் இந்நாவல் தன் காலத்தை முந்திய ஒரு பெண்ணைப் படைத்தது எனலாம். அதேவேளை, அவளது நியாயமான விடுதலைக்குக் குழந்தை கொடுத்த விலையையும் அது மறைக்கவில்லை. தாயின் உரிமையும் மகனின் துயரமும் ஒன்றையொன்று பொய்யாக்காது அருகருகே நிற்கின்றன. இந்நாவலைப் பெண்ணின் சுதந்திரத்துக்கு எதிரானதாக வாசிப்போர், இரண்டிலொன்றுதான் உண்மையாக இருக்கமுடியும் என எண்ணுவோரேயாவர்.

இந்நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட இந்தித் திரைப்படம் தன் படைப்பைச் சிதைத்துவிட்டதென மன்னு பண்டாரி வழக்குத் தொடர்ந்தமையும், 1986 இல் டில்லி உயர்நீதிமன்றம் படைப்பின் மீது ஆசிரியருக்குள்ள தார்மிக உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தமையும் பதிப்புரிமைச் சட்ட வரலாற்றிற் குறிப்பிடத்தக்கவை. எமக்கு முக்கியமானது அவ்வழக்கில் எழுந்த ஒரு பொருள். நாவல் பண்ட்டியை விடுதியை நோக்கிய பயணத்தில் விட்டுவிடுகின்றது. திரைப்படமோ அவனைச் சாகவைத்து முடிக்க முற்பட்டது. இவ்வேறுபாடு சிறிதன்று. குழந்தை இறந்தால் பார்வையாளன் அழுது தீர்த்துவிட்டு வீடு திரும்பலாம். குழந்தை உயிரோடிருந்தால், நாளை அவன் எங்கே விழிப்பான், யாரை எவ்வாறு அழைப்பான் என்ற வினா வாசகனைத் தொடர்ந்துவரும். இரக்கம் முடிவை நாடுகின்றது. யதார்த்தம் தொடர்ச்சியை நாடுகின்றது.

ஆங்கில நாவலிலும் இப்பொருள் முன்னரே கையாளப்பட்டுள்ளது. ஹென்றி ஜேம்ஸ் 1897 இல் எழுதிய நாவலொன்றில் மெய்சி என்னும் சிறுமி, மணமுறிவு பெற்ற தாயிடமும் தந்தையிடமும் ஆறு மாதங்களுக்கொரு முறை மாறிமாறி வாழப் பணிக்கப்படுகின்றாள். ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொல்லும் வசைமொழிகளைச் சுமந்துசெல்லும் தூதாக அவள் ஆக்கப்படுகின்றாள். அந்நிலையில் அவள் கண்டுபிடிக்கும் தற்காப்பு மௌனம். எதுவும் விளங்காதவள் போல நடந்துகொள்வதே தன்னைக் காக்கும் வழி என அவள் அறிந்துகொள்கின்றாள்.

பண்ட்டிக்கும் மெய்சிக்கும் பொதுவான ஒரு பௌதிக அடிப்படை உண்டு. இருவருக்கும் இரண்டு வீடுகள் உள்ளன. பண்ட்டிக்கு ஒரு தோட்டம் இருந்தது, அறை இருந்தது, விளையாட்டுப் பொருள்கள் இருந்தன. விடுதிக்கு அனுப்பப் பணமும் இருந்தது. குழந்தையை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றுவதென்பது, இரு வீடுகளும் பெற்றோரின் உடைமையாகவோ அவர்தம் வருவாயால் தாங்கப்படுவனவாகவோ இருந்தால்தான் இயலும். இந்த அடிப்படை இல்லாத இடத்தில் முறிவு எவ்வடிவம் பெறுகின்றது? இவ்வினாவே எம்மை டிக்கோயாவுக்கு இட்டுச்செல்கின்றது.

3

டிக்கோயா கோப்பிக்காகத் திறக்கப்பட்டு, 1869 இல் இலங்கையில் தோன்றிய கோப்பி இலை நோயின் விளைவாகப் பின்னர் தேயிலைக்கு மாறிய பள்ளத்தாக்கு. கங்காணி முறையினூடாக இங்கு கொண்டுவரப்பட்டோர் பெரிதும் குடும்பங்களாகவே தொழிலுக்கு அமர்த்தப்பட்டனர். கணவன் கவ்வாத்து வெட்ட, மனைவி கொழுந்து பறிக்க, குழந்தை பிள்ளைக்காம்பராவில் விடப்பட்டது. அவ்வகையில், தோட்டத்தில் குடும்பம் என்பது இல்லறத்தின் அலகாக மாத்திரமன்றி உற்பத்தியின் அலகாகவும் அமைந்தது. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான லயத்துக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. செக்றோலில் உள்ள பெயருக்குக் கிடைத்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட போதும், 1992 இல் நிர்வாகம் மீளத் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் இந்த உறவு அடிப்படையில் மாறவில்லை.

எங்கெல்ஸ் 1884 இல் வெளியிட்ட 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்னும் நூலில், சொத்தற்ற பாட்டாளியின் வீட்டில் ஆணாதிக்கத்துக்கான பொருளாதார அடிப்படை இல்லாதொழிகின்றது என்றும், பெண்ணும் உழைக்கச் செல்வதால் மணவாழ்வு பொறுக்கவொண்ணாததாகும்போது பிரிந்துசெல்லும் உரிமையை அவள் மீளப் பெறுகின்றாள் என்றும் வாதித்தார். தோட்டத்தை இக்கூற்றுக்கு ஓர் உரைகல்லாகக் கொள்ளலாம். இங்கு மரபுரிமையாகக் கைமாறச் சொத்து எதுவும் இல்லை. பெண்ணோ தலைமுறை தலைமுறையாக உழைப்பவள். ஆயினும், 1984 வரை அவளது நாட்சம்பளம் ஆணினதிலும் குறைவாயிருந்தது. அந்தச் சம்பளத்தையும் கணவனே பெற்றுச்செல்லும் வழக்கம் பரவலாக நிலவியது. தவறணைக்குச் செல்லும் வழி அவனுக்குத் திறந்திருந்தது. காம்பராவின் பெயரும் பெரும்பாலும் அவனதாகவே இருந்தது. சொத்து இல்லாதவிடத்தும், கூலியைக் கையாளும் உரிமையும் கூரையின் மீதான பெயரும் சொத்தின் தொழிலைச் செய்தன. எங்கெல்சின் முடிவைத் தோட்டம் பொய்யாக்கவில்லை. அதனைத் திருத்தி வாசிக்கும்படி கோருகின்றது.

சட்டத்தின் நிலையும் நோக்கத்தக்கது. மலையகத் தமிழரின் மணங்கள் 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தன. அச்சட்டம் மணமுறிவுக்கு வகுத்த காரணங்கள் மூன்று: விபசாரம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற இயலாமை. ஒருவரைக் குற்றவாளியாக நிறுவாமல் பிரிவு இல்லை. அதே நுவரெலியா மாவட்டத்தில், 1952 ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணந்த சிங்களக் கிராமத்துத் தம்பதியருக்குப் பரஸ்பர சம்மதத்தின் பேரிற் பிரியும் வழி திறக்கப்பட்டிருந்தது. மலைச்சரிவில் அயலவராக வாழும் இரு குழந்தைகளுள் ஒன்றின் பெற்றோர் குற்றஞ்சாட்டாது பிரியலாம். மற்றதன் பெற்றோர் அவ்வாறு பிரிய முடியாது.

வழக்குச் செலவும் ஒருநாட் 'பேர்' இழப்பும் தாங்க இயலாத தொழிலாளர் நீதிமன்றத்தை நாடாது பிரிந்தனர். தோட்டத் தலைவர் முன்னிலையிலோ உறவினர் முன்னிலையிலோ பேச்சு முடிந்தது. சில சமூகப் பிரிவினரிடையே அறுத்துக்கட்டும் பழைய வழக்கமும் இதற்கு இடமளித்தது. இதனை மரபின் நெகிழ்ச்சி எனப் பாராட்டுவோர் உளர். ஓரளவுக்கு அது உண்மையே. எனினும், எழுத்தில் எதுவும் இல்லாத பிரிவில் குழந்தையின் பராமரிப்பும் எழுத்தில் இல்லை. 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் தந்தையின் கடமையை வலியுறுத்துகின்றது. ஆனால் சம்பள நாளன்று தந்தையிடம் சென்று பணம் கேட்டுநிற்க அனுப்பப்படுவது பெரும்பாலும் குழந்தைதான். மெய்சி சுமந்தது வசைமொழியை. இக்குழந்தை சுமப்பது அரிசிக் கணக்கை.

இங்குதான் இரு வீடுகளின் கதையும் ஒரு காம்பராவின் கதையும் வேறுபடுகின்றன. பண்ட்டிக்குத் தந்தை கல்கத்தாவில் இருந்தார்; பிரிவு என்பது அவனுக்குத் தூரம். பெற்றோர் இருவரும் ஒரே செக்றோலில் பெயர் உடையவராயின், பிரிந்த பின்னும் அவர்கள் ஒரே தோட்டத்திலேயே இருக்கவேண்டியுள்ளது. தந்தை மேற்கணக்கிலிருந்து கீழ்க்கணக்குக்கு மாறலாம். அல்லது அதே லயத்தில் நாலு காம்பரா தள்டிப் புதிய குடும்பம் அமைக்கலாம். அவரது இருமலைக் குழந்தை சுவருக்கு அப்பாலிருந்து கேட்கின்றது. அவரது புதிய குழந்தையுடன் அதே பிள்ளைக்காம்பராவில் இருக்கின்றது. அதே பீலியில் நீர் பிடிக்கின்றது. பிரிவு என்பது இக்குழந்தைக்கு அண்மை. காணாதிருத்தலின் துயரத்தை விடக் கண்டும் அழைக்க இயலாதிருத்தலின் துயரம் வேறுவகையானது. அதற்கெனத் தனியான ஓர் அழகியல் தேவைப்படுகின்றது.

மொழியும் இதில் தன் பங்கை ஆற்றுகின்றது. தாயின் புதிய கணவரையும் தந்தையின் புதிய மனைவியையும் எப்பெயரால் அழைப்பது என்பது பண்ட்டியின் தீராத சங்கடம். தமிழ் உறவுமுறையிலோ பெயர்கள் ஆயத்தமாக உள்ளன. தந்தையின் இரண்டாம் மனைவி 'சின்னம்மா'. தாயின் இரண்டாம் கணவர் 'சித்தப்பா'. தாயின் தங்கைக்கும் தந்தையின் தம்பிக்கும் உரிய அதே சொற்கள். இச்சொற்கள் புதியவரைக் குடும்பத்துக்குள் ஏற்கும் பண்பாட்டு வளம் என்பதில் ஐயமில்லை. ஆனால், சொல் முன்னதாகவே இருப்பதால் குழந்தையின் சங்கடம் சொல்லப்படாமலே போகின்றது. அழைக்க மறுக்கும் குழந்தை பிடிவாதக்காரனாகின்றது. அழைக்கும் குழந்தை பழகிவிட்டதாகக் கொள்ளப்படுகின்றது. அம்மாயியின் காம்பராவில் வளரும் பிள்ளையைப் பற்றி 'அது அங்ஙனயே பழகிருச்சு' எனச் சொல்லப்படும் ஒற்றை வாக்கியத்துக்குள் எத்தனை நாவல்கள் புதைந்துள்ளன என்பதை எமது எழுத்தாளர் சிந்திக்கவேண்டும்.

4

மலையகக் குடும்பத்தைப் பிரித்தவர் கணவனும் மனைவியும் மாத்திரமல்லர். 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். ஒப்பந்தத்தின் பின் பிறந்த குழந்தைகள் 'இயற்கைப் பெருக்கம்' என்ற பெயரில் கணக்கிற் சேர்ந்தனர். தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என அழைத்தனர். 1984 இல் கப்பற் போக்குவரத்து நின்றபோது, அக்கரையில் ஒருவரும் இக்கரையில் ஒருவருமாக உறவுகள் துண்டிக்கப்பட்டன. 1970 களின் இறுதியிலிருந்து மத்திய கிழக்குக்கான வீட்டுப் பணிப்பெண் தொழில் தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்தது. 2013 இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மார் வெளிநாடு செல்வதை அரசு கட்டுப்படுத்தியது. 2022 இல் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. தந்தையருக்கு இத்தகைய கட்டுப்பாடு விதிக்கப்படவில்லை என்பது குடும்பம் குறித்த அரசின் கருத்துநிலையைப் புலப்படுத்தும்.

இப்பிரிவுகளையும் மணமுறிவையும் ஒன்றெனக் கொள்ளும் போக்கு எம்மிடையே உண்டு. குழந்தை தனித்துவிடுகின்றது என்ற அளவில் அவை ஒப்பானவையே. ஆயின் ஒரு வேறுபாட்டை விமர்சகன் வற்புறுத்த வேண்டும். ஒப்பந்தம் பிரித்த குடும்பத்தின் குழந்தைக்குச் சினங்கொள்ள ஓர் அரசு இருந்தது. பெற்றோரின் அன்பு ஐயத்துக்கு உள்ளாகவில்லை. பெற்றோர் தாமே பிரிந்த குழந்தைக்கோ, தான் நேசிப்போரன்றிச் சினங்கொள்ள வேறெவரும் இல்லை. ஆகவே அச்சினம் பெரும்பாலும் தன்மீதே திரும்புகின்றது. தன்னாலேயே அப்பா போனார் என எண்ணும் குழந்தையின் தர்க்கத்தை வரலாற்று விளக்கம் எதுவும் தானாகத் தீர்த்துவிடாது.

5

மலையகத் தமிழிலக்கியம் குடும்பத்தைப் புறக்கணித்த இலக்கியமன்று. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் அலைக்கழிவை நாவலாக்கியது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' தலைப்பிலேயே, தொழிலை இழப்பவன் கூரையையும் இழக்கும் தோட்ட நியதியை உணர்த்தியது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' (1961) உழைக்கும் பெண்ணின் தன்மானத்தைக் கலைநயத்தோடு நிலைநாட்டியது. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' ஒற்றைக் காம்பராவின் நெருக்கடி குடும்ப உறவின் அந்தரங்கத்தையே எவ்வாறு தாக்குகின்றது என்பதைத் துணிவுடன் எழுதியது. இவை எமது பெருமைக்குரிய படைப்புகள். 'மீன்கள்' போன்ற ஒரு சிறுகதை, காம்பராவின் அளவு என்பது புள்ளிவிவரம் அன்று, மனித உறவின் வடிவம் என்பதைக் காட்டியதன் மூலம் நாம் இங்கு வேண்டும் நோக்குக்கு வழிகோலியது.

எனினும், இம்மரபில் பெருவழக்காக நின்றது குடும்பத்துக்கும் புற எதிரிக்கும் இடையிலான முரண்பாடே. துரை, கங்காணி, கடன், ஒப்பந்தம் ஆகியவற்றால் குடும்பம் சிதைகின்றது என்பதே பொதுவான காரணத் தொடர். அது வரலாற்று உண்மை. அதனை எழுதியமை எமது இலக்கியத்தின் சாதனை. ஆனால், புற எதிரியின் முன் ஒன்றுபட்டு நிற்கவேண்டிய குடும்பத்தின் உள்முறிவைப் பேசினால் போராட்ட உணர்வு தளரும் என்ற சொல்லப்படாத அச்சம் எழுத்தாளரைத் தடுத்திருத்தல் வேண்டும். கதையில் வரும் குழந்தை பெரும்பாலும் நாளைய தலைமுறையின் குறியீடாக, விடியலை நோக்கி நடக்கும் உருவமாக நின்றது. குறியீட்டுக்கு இரவில் விழித்திருந்து பெற்றோரின் தணிந்த குரலைக் கேட்க இயலாது.

இதில் விமர்சனத்தின் பொறுப்பும் உண்டு. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நாவலைச் சமூக வரலாற்றின் பகைப்புலத்தில் நிறுத்திக் காணக் கற்பித்தது. அக்கல்வியை நாம் கைவிடப் போவதில்லை. ஆனால் அதன் வழிவந்தோருள் சிலர், அகவாழ்வு எனப்படுவது அனைத்தையும் தனிமனிதவாதம் என ஒதுக்கியதால், குழந்தையின் உளநிலையை எழுதுதல் நடுத்தர வர்க்கச் சோகமாகக் கருதப்பட்டது. இது பொருள்முதல்வாதத்தைக் குறுக்கிக் கொள்வதாகும். காம்பராவின் பெயர், சம்பளத்தைப் பெறும் கை, பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என நெடுங்காலம் வினவி வந்த அந்த ஒரு கட்டம் ஆகியன யாவும் பௌதிக உண்மைகளே. அவை குழந்தையின் உள்ளத்துள் எவ்வாறு அச்சமாகவும் வெட்கமாகவும் மௌனமாகவும் மாறுகின்றன என்பதைக் காட்டுவது, சமூக உறவுகளை அவற்றின் மிக நுண்ணிய தளத்திற் காட்டுவதேயாகும்.

மன்னு பண்டாரியிடமிருந்து நாம் கொள்ளவேண்டியது கதையை அன்று; முறையையே. எவரையும் வில்லனாக்காமை, பெண்ணின் விடுதலையையும் குழந்தையின் துயரத்தையும் ஒருசேர ஏற்றல், குழந்தையைச் சாகவைத்துத் தப்பிக்கொள்ளாமை ஆகிய மூன்றும் எந்த மண்ணுக்கும் பொருந்தும். தோட்டமும் அறையும் விடுதியும் அவனுக்குரியவை. லயமும் பீலியும் சம்பள நாளும் எமக்குரியவை.

6

இவ்வினா இன்று அவசரமானது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் அமைக்கும் முயற்சி கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகின்றது. 2017 மே மாதம் டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்த இந்தியப் பிரதமர், நோர்வூட்டில் நடைபெற்ற கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடுகள் எழும் வேகம் குறித்து மக்களுக்குக் கசப்பு உண்டு. எனினும், இரு நூற்றாண்டு வரலாற்றில் முதன்முறையாக மலையகத் தொழிலாளிக்கு உறுதியுடன் கூடிய வீடு என்ற நிலை தோன்றியுள்ளது. அதனோடு ஒரு புதிய வினாவும் தோன்றுகின்றது: உறுதியில் யாருடைய பெயர்? ஒருவர் பெயர் மாத்திரம் இருப்பின், பிரியும் நாளில் மற்றவரும் குழந்தையும் எங்கே செல்வர்? காம்பரா செய்த தொழிலை இனி உறுதிப் பத்திரம் செய்யக்கூடும்.

குழந்தையின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விடயங்களில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டென அதன் 12 ஆம் உறுப்புரை கூறுகின்றது. தோட்டத் தலைவர் முன்னிலையில் பெரியோர் பேசிமுடிக்கும் பிரிவுகளில் இவ்வுரிமை இன்னும் நுழையவில்லை. அதற்குரிய சட்ட ஏற்பாடுகளைக் கோருவது தொழிற்சங்கங்களினதும் மாதர் அமைப்புகளினதும் பணி. அக்குழந்தை என்ன சொல்லும் என்பதைச் சமூகம் முன்கூட்டியே கேட்கப் பழக்குவது இலக்கியத்தின் பணி. நாலு காம்பரா தள்ளி வாழும் தந்தையின் இருமலைக் கேட்டு விழித்திருக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எழுத ஓர் எழுத்தாளர் முன்வருவாராயின், மலையக இலக்கியம் தன் போராட்டத்தைக் கைவிட்டதாகாது. இதுவரை நுழையாத காம்பரா ஒன்றுக்குள் அப்போராட்டத்தைக் கொண்டுசென்றதாகவே அமையும்.